கோடும் காலமும்: திருகோணமலையின் மரபுச் சூழலறிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். உயர்தரப் பிள்ளைகள் செயற்றிட்டத்துக்கு, பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஆய்வுக்கு, வெளிநாட்டிலிருந்து வரும் ஊர்க்காரர் ஆதங்கத்துக்கு என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மரபுச் சூழலறிவு என்றால் என்ன? பாட்டி வைத்தியம் மாதிரியா?

பாட்டி வைத்தியமும் அதற்குள் அடங்கும், ஆனால் அது ஒரு மூலைதான். ஓரிடத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தவர்கள் அங்கத்தைய மண், நீர், காற்று, மரம், மீன் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த அறிவு. அதிலிருந்து வந்த தொழில்முறை. அந்தத் தொழிலுக்குக் கடிவாளம் போடும் ஊர் வழக்கு. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் மரபுச் சூழலறிவு.

நிலாவெளிப் பக்கம் கரைவலை வளைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? விடியப்புறம் எல்லோரும் தேத்தண்ணியோடு கதைத்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் மணலில் குந்தியிருந்து கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீரில் ஓரிடம் கறுத்துக் கிடக்கும், அதன்மேல் ஆலாக்கள் சுற்றும். எனக்கு அது மேகத்தின் நிழல். அவருக்குச் சூடை மீன் கூட்டம். ஆனாலும் கண்ட உடனே வள்ளத்தை இறக்கச் சொல்லமாட்டார். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, கூட்டம் கரைக்கு வருகிறதா விலகுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் பொறுமை இழந்து "ஏன் அண்ணே, இறக்கலாமே?" என்று கேட்டேன். "இப்ப இறக்கினா வலைதான் சேர் நனையும்" என்றார். முக்கால் மணித்தியாலம் கழித்துக் கையைக் காட்டினார்.

கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், கிட்டத்தட்ட மே தொடங்கி செப்ரெம்பர் வரை, காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும், கரைக்கடல் அடங்கிக் கிடக்கும். அதே மாதங்களில் மேற்குக் கரை கொந்தளிப்பதால் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் இங்கே வந்து வாடி என்ற தற்காலிகக் குடில் போடுவார்கள். ஐப்பசி கழிந்து வாடை என்ற வடகிழக்குக் காற்று எடுத்தால் வள்ளங்கள் மேட்டுக்கு ஏறிவிடும். கடலுக்கு ஓய்வு, ஆளுக்கு வயல் வேலை. யாரும் இதைப் 'பாதுகாப்பு' என்று நினைத்துச் செய்யவில்லை, கடல் விடாததால்தான் போகவில்லை. ஆனாலும் வருடத்தில் சில மாதம் கரைக்கடல் சும்மா கிடந்தது. சட்டம் பெரும்பாலும் நிலத்தில் ஒரு கோட்டைக் கீறி, இதற்கு அப்பால் வராதே என்கிறது. ஊர் வழக்கோ பெரும்பாலும் காலத்தில் கீறப்பட்டது: இந்த மாதம் வராதே என்கிறது. கீழே நான் சொல்லப்போகும் முக்கால்வாசிச் சிக்கலும் இந்த இரண்டும் ஒன்றையொன்று விளங்கிக்கொள்ளாததால் வந்தவை.

'சூழல் குலைவு' என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு சூழலின் அமைப்பைச் சடுதியாகக் கலைத்துப்போடும் எதுவும் குலைவுதான். புயல், வெள்ளம், தீ, வரட்சி, பேரலை, மரம் வெட்டல், யுத்தம் எல்லாம் அதில் சேரும். எங்கள் மாவட்டத்துக்கு இதில் எதுவும் புதிதில்லை. 1964 டிசெம்பர் புயல், 1986 ஏப்ரல் 20 இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது, 2004 டிசெம்பர் 26 இன் சுனாமி, 2020 டிசெம்பர் 2 இரவு கரையேறிய புரெவிப் புயல், 2025 நவம்பர் கடைசியில் டித்வாப் புயல். இவற்றுக்கு நடுவில் கால் நூற்றாண்டுக்கும் மேலான யுத்தம்.

இயற்கை என்றால் ஆடாமல் அசையாமல் சமநிலையில் நிற்பது, குலைவு என்றால் கேடு என்றுதான் நான் படித்த காலத்தில் சொல்லித் தந்தார்கள். 1978 இல் ஜோசப் கொனல் என்ற சூழலியலாளர் வெப்பமண்டலக் காடுகளையும் முருகைக்கற் பார்களையும் (பவளப்பாறைகளையும்) வைத்து வேறொன்று சொன்னார். அடிக்கடி குலைந்தாலும் உயிர்வகை குறையும், குலையாமலே கிடந்தாலும் வல்லது நாலைந்து மட்டும் நின்று மற்றதை நெருக்கிவிடும். இடைப்பட்ட அளவில் குலையும் இடத்தில்தான் வகை கூட இருக்கும் என்றார். அதை இன்று அப்படியே ஏற்காத ஆய்வாளரும் பலர். ஆனால் குலைவும் இயற்கையின் ஓர் அங்கம் என்பதில் இப்போது பெரிய தகராறு இல்லை.

ஊரில் இதற்கு வேறு பாசை இருக்கிறது. 'கங்கை வெள்ளம்' என்பார்கள், 'திறந்துவிட்ட வெள்ளம்' என்பார்கள். முதலாவது மழையோடு மெல்லமெல்ல ஏறி வருவது, இத்தனை நாள் நிற்கும் என்று கணக்குச் சொல்லலாம். இரண்டாவது மேலே எங்கோ வான்கதவைத் திறந்ததும் இரவோடிரவாக வீட்டுக்குள் நிற்பது. குலைவின் வேகமும் தடவையும் மாறினால் அது வேறு குலைவு என்று ஆய்வுக் கட்டுரைகள் பத்துப் பக்கத்தில் சொல்வதை எங்கள் ஆட்கள் இரண்டு பெயரில் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

வெள்ளத்தால் நன்மை உண்டா? கேட்கவே கோபம் வருகிறதே.

வீடு போனவரிடம் நானும் இதைச் சொல்லமாட்டேன். ஆனால் வில்லு என்ற ஆற்றோரப் பள்ளத்தைத் தெரிந்தவரிடம் கேட்டுப் பாருங்கள்.

மகாவலியை எங்கள் பக்கம் 'கங்கை' என்றுதான் சொல்வோம். மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் விழும் அந்தக் கங்கையும், அதிலிருந்து பிரியும் வெருகல் ஆறும் கடலை நெருங்கும் தட்டை நிலத்தில் அகலமான பள்ளங்களை விட்டு வைத்திருக்கின்றன. அவைதான் வில்லுகள். மாரியில் கங்கை கரை மீறினால் வில்லு நிரம்பும், மீன் அதற்குள் ஏறிக் குஞ்சு பொரிக்கும். கோடையில் தண்ணீர் வற்ற வற்ற, விளிம்பிலிருந்து நடுவை நோக்கிப் பச்சைப் புல் இறங்கிக்கொண்டே போகும். ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும் ஆடி ஆவணியில் பட்டிக்காரர் மாடும் எருமையும் கொண்டுபோவது அந்தப் புல்லுக்குத்தான். யானையும் அதற்குத்தான் வரும். கிண்ணியாத் தயிர்ச் சட்டியை வாங்கிச் சாப்பிடுகிறவர் பலருக்கு அந்தப் பாலுக்குப் பின்னால் ஒரு வெள்ளம் இருப்பது தெரியாது.

1976 இல் பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டு அதன் நீரில் ஒரு பங்கு வடமத்திய வரண்ட வலயத்துக்குத் திருப்பப்பட்டது. 1980களில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகலை என்று அணைகள் எழுந்தன. மின்சாரமும் வயலும் தந்த திட்டம் அது, அதை மறுத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் கடைக்கோடியில் இருக்கும் வில்லுக்கு வரவேண்டிய சின்ன வெள்ளங்கள் பல வராமற்போயின, பெரிய வெள்ளம் மட்டும் பிடிக்க முடியாமல் வருகிறது. சிறு வெள்ளம் அடித்துக்கொண்டு போகாததால் ஆற்றுவாழையும் சல்வீனியாவும் தேங்கிய நீரை மூடுகின்றன. "கங்கை கழுவுறதில்ல இப்ப" என்று ஒரு பட்டிக்காரர் எனக்குச் சொன்னார். ஆற்றுக்கு விடவேண்டிய நீரை அளவும் காலமும் கணக்கிட்டு அணையிலிருந்து விடுவது இன்று பல நாடுகளில் நடக்கிறது. அந்தக் கணக்கை இங்கே போடுவதென்றால் எந்த மாதம், எத்தனை நாள், எந்த வில்லு முதலில் நிரம்பும் என்று அந்தப் பட்டிக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

முகத்துவாரம் வெட்டுவது மரபறிவா, இயற்கையில் தலையிடுவதா?

இரண்டும்தான். கிழக்குக் கரையில் களப்புக்கும் கடலுக்கும் நடுவே கோடையில் மணல்திட்டு அடைத்துக்கொள்ளும். மாரியில் களப்பு நிரம்பி, கரையோர வயலுக்குள் தண்ணீர் ஏறும். மண்வெட்டியோடு போய் ஒரு சிறு வாய்க்கால் கீறிவிட்டால் போதும், மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும், ஒரு இரவில் அது ஆறு மாதிரி அகன்றுவிடும். சிக்கல் எப்போது கீறுவது என்பதுதான். முந்தி வெட்டினால் களப்பு வற்றி, உப்பு ஏறி, இறால் குஞ்சு வளராமல் போகும். பிந்தி வெட்டினால் வயல் அழுகும். விவசாயிக்கு ஒரு நாள், மீனவருக்கு இன்னொரு நாள். அந்த இழுபறியை மூத்தவர்கள் நீர்மட்டத்தையும், கடல் உள்ளே வாங்குகிறதா வெளியே தள்ளுகிறதா என்பதையும் பார்த்து ஒப்பேற்றினார்கள். சண்டை வந்த வருடங்களும் உண்டு. எல்லாம் ஒற்றுமையாக நடந்தது என்று எழுதும் கட்டுரைகளைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

சேனைப் பயிர்ச்செய்கை காட்டை அழிக்கிறதுதானே?

எத்தனை வருடம் விட்டுத் திரும்பி வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பற்றைக் காட்டை வெட்டி எரித்து, ஒன்றிரண்டு மழைக்குக் குரக்கனும் சோளமும் பயறும் போட்டு, பிறகு கைவிட்டு நகர்வது பழைய முறை. கைவிட்ட காணியில் முதலில் புல், பிறகு நாயுண்ணியும் எருக்கலையும், பிறகு பற்றை, வீரையும் பாலையும் கடைசியில். பாலைக்கும் முதிரைக்கும் கத்தி வைக்காமல் விட்டுவிடுவதும் வழக்கம். பாலைப்பழக் காலத்தில் தெருவோரம் விற்கும் பழம் அப்படி விட்ட மரங்களிலிருந்தும் வருகிறது.

அறுவடை முடிந்த சேனையில் கிளம்பும் இளம்புல்லும் துளிரும் வரட்சிக் காலத்தில் யானைக்கு நல்ல தீனி. யானை ஆய்வாளர் பிரித்திவிராஜ் பெர்னாண்டோ பல ஆண்டுகளாகச் சொல்லி வருவதும் இதுதான். முற்றிய அடர்காட்டை விட இப்படிக் குலைந்து மீளும் நிலத்தில்தான் யானைக்குச் சாப்பாடு கூட. மாரியில் மனிதன், கோடையில் யானை என்று ஒரே காணியை இருவரும் மாறி மாறிப் பயன்படுத்தினார்கள். நிரந்தரப் பயிராகவும் குடியிருப்பாகவும் அது மாறியதும் அந்த முறை வைப்பு முறிந்தது. இன்று கந்தளாய், சேருவில, வெருகல் பக்கம் பரணில் நித்திரை கொள்ளாமல் இருக்கும் ஒருவரிடம் "யானையோடு இணங்கி வாழ்ந்த மரபு" என்று தொடங்கினால் நல்ல பேச்சுக் கேட்பீர்கள். ஆனால் அவரே வயலைச் சுற்றி விதைப்புக்குக் கட்டி அறுவடைக்குப் பிறகு கழற்றிவிடும் பருவகால மின்வேலியைச் சரி என்பார். அந்த வேலி அவருடைய பழைய கணக்கோடு பொருந்துகிறது.

இடம் போதாமல் இரண்டு வருடத்துக்கொருமுறை அதே காணியை எரிப்பது வேறு. அது சேனை என்ற பெயரை மட்டும் வைத்திருக்கிறது.

நாங்கள் நட்ட கண்டல் ஏன் சாகிறது?

இதற்குத்தான் ஆகக் கூடுதலான கேள்வி வருகிறது, எனக்கும் இதில் ஒரு தழும்பு உண்டு.

சுனாமிக்குப் பிறகு ஊரெல்லாம் கண்டல், அதாவது உப்புநீர்ச் சேற்றில் வளரும் மரம், நடும் அலை அடித்தது. வெளியிலிருந்து வந்த ஒரு நிறுவனத்துக்கு நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நட்டுக் கொடுத்தோம். கடலுக்கு முன்னால், வற்றும்போது வெளியே தெரியும் சேற்று மேட்டில், கயிறு கட்டி வரிசை பிடித்து நட்டோம். முருங்கைக்காய் மாதிரி நீண்ட கண்டல் முளையைச் சேற்றில் குத்திவிட்டால் போதும், பிள்ளைகளுக்கு விளையாட்டு. படம் எடுத்தார்கள், தொப்பி கொடுத்தார்கள். மட்டி எடுத்துக்கொண்டிருந்த ஒரு மூத்தம்மா இடுப்பில் கூடையோடு நின்று பார்த்தார். "இஞ்ச நட்டா நிக்காது மகன்" என்றார். ஏன் என்று கேட்டேன். "மட்டி கிடக்கிற மண்ணில மரம் நிக்காது. அது கூட நேரம் தண்ணிக்குள்ள கிடக்கிற மண்." நான் விஞ்ஞான ஆசிரியர், தலையாட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனேன். வாடை முடிந்து போய்ப் பார்த்தபோது முளைகளில் சிப்பி ஒட்டிப் பாரம் தாங்காமல் சாய்ந்து கிடந்தன. அடுத்த வருடம் கயிறு கட்டிய முளைக்கட்டைகள் மட்டும் நின்றன.

அவர் சொன்னது அச்சொட்டான நீரியல். திருகோணமலையில் வற்றுப் பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. அந்தச் சின்ன ஏற்ற இறக்கத்துக்குள் கண்டலுக்கு ஏற்ற மட்டம் ஒரு ஒடுங்கிய பட்டைதான். ஒரு சாண் கீழே போனால் வேர் மூச்சடைக்கும், ஒரு சாண் மேலே போனால் கோடையில் உப்புப் பூத்துக் காயும். மட்டி, தாவர வரிசை, சேற்றின் நிறம் எல்லாம் அந்த மட்டத்தைக் காட்டும் அளவுகோல்கள். மட்டி எடுப்பவருக்குக் கால் புதையும் ஆழத்திலேயே அது தெரியும்.

நாங்கள் மட்டும் ஏமாறவில்லை. இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017 இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி, 1,000 முதல் 1,200 ஹெக்டயர் வரை நடப்பட்டதில் 200 முதல் 220 ஹெக்டயர் வரைதான் தேறியது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. பிழையான மட்டம், நடுவதற்கு லேசு என்பதால் ஒரே இனத்தை எங்கும் நட்டது, நட்ட பிறகு திரும்பிப் பாராதது, மாடு மிதித்தது என்பவை காரணங்கள்.

என்ன செய்யலாம்? முதலில் நடாமல் பாருங்கள். அங்கே முன்பு கண்டல் நின்றதா? நின்றதென்றால் ஏன் இப்போது இல்லை? றோட்டுப் போட்டு மதகு வைக்காமல் விட்டதால் உப்புநீர் வராமல் போனதா? அப்படியென்றால் மதகை வைத்துத் தண்ணீரை விடுங்கள், பக்கத்தில் தாய்மரம் இருந்தால் முளை தானாக மிதந்து வந்து நிற்கும். கண்ணா, கண்டல், தில்லை என்ற மூன்று இனமும் எந்த வரிசையில் நிற்கின்றன என்று அந்தக் களப்பில் மீன்பிடிப்பவரைக் கேளுங்கள். தில்லைப் பால் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதையும் அவரே சொல்லித் தருவார். 2024 இல் இலங்கையின் கண்டல் மீளுருவாக்கத்தை ஐக்கிய நாடுகள் சபை முன்மாதிரி முயற்சிகளில் ஒன்றாக அறிவித்தது. அந்தப் பெயரைக் காப்பாற்ற முளையின் எண்ணிக்கையை விட்டு, மூன்று வருடம் கழித்து நிற்கும் மரத்தின் எண்ணிக்கையைக் கேட்கத் தொடங்க வேண்டும்.

சுனாமி வருமென்று மூத்தவர்களுக்குத் தெரிந்திருந்ததா?

இல்லை. இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. கடல் உள்வாங்கியபோது துள்ளிய மீனைப் பொறுக்கப் பிள்ளைகள் ஓடினார்கள். பல தலைமுறைக்கு ஒருமுறை வரும் குலைவை நினைவில் வைக்க எங்களிடம் கதையும் இல்லை, பாட்டும் இல்லை. இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் 1907 பேரலைக்குப் பிறகு 'ஸ்மோங்' என்ற சொல்லும், நில அதிர்வுக்குப் பின் கடல் வற்றினால் மலைக்கு ஓடு என்ற கதையும் பேரப்பிள்ளைகள் வரை வந்திருந்தன. 2004 இல் அங்கே ஏறக்குறைய 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே என்று பதிவாகியிருக்கிறது. எங்களுக்கு இனிமேல்தான் அந்தக் கதையைக் கட்ட வேண்டும்.

தெரிந்திருந்தது வேறொன்று. தாழை, இராவணன் மீசை, அடம்பன் மூடிய மணல்மேட்டை வெட்டக்கூடாது என்று பழைய ஆட்கள் சண்டை பிடிப்பார்கள். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்ற பழமொழியை ஒற்றுமைக்கு உவமையாக மட்டும் படிப்பிக்கிறோம். அந்தக் கொடி மணலைப் பிடித்து வைக்கும் விதத்தை ஒருதடவை கிண்டிப் பார்த்தால் பழமொழி எங்கிருந்து வந்தது என்று விளங்கும். மணலை வெட்டி ஏற்றிக்கொண்டுபோன இடங்களில் அலை எவ்வளவு தூரம் போனதென்பதை அந்தந்த ஊரவரே காட்டுவார்கள்.

புறாத்தீவில் மீனவரைத் தடுத்துவிட்டு உல்லாசப் பயணிகளை விடுவது நியாயமா?

நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவு 1963 இல் சரணாலயமாகி, 2003 இல் தேசியப் பூங்காவானது. மலைப்புறா கூடு கட்டுவதால் அந்தப் பெயர். 1970களில் முட்கிரீட நட்சத்திர மீன் பெருகித் திருகோணமலைப் பார்களை நன்றாகத் தின்றுபோட்டது, பிறகு பார் மீண்டது. 1998 இல் கடல் சூடேறி இலங்கையின் பல பார்கள் வெளிறிச் செத்தபோதும் எங்கள் பக்கம் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. இரண்டு குலைவிலிருந்தும் தப்பிய பாருக்கு மூன்றாவதாக வந்தது கால். நீந்தத் தெரியாதவர் களைத்ததும் முருகைக்கல்லில்தான் ஏறி நிற்கிறார்.

தடை வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் தூண்டிலோடு ஒதுங்கும் ஒருவரைத் துரத்திவிட்டு, ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கால்களை இறக்குவதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை. ஆளெண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள், நங்கூரம் போடாமல் கட்டிவைக்க மிதவை வையுங்கள். முருகைக்கற் பாரை ஓரா, விளை, பாரை என்ற மீன்களால் அறிந்தவர்களை வழிகாட்டியாகவும் கண்காணிப்பாளராகவும் சம்பளத்துக்கு வையுங்கள். எந்தக் கல்லிடுக்கில் எந்த மாதம் என்ன கிடந்தது என்று நாற்பது வருடத்துக் கணக்கு அவர்கள் தலையில் இருக்கிறது.

டைனமைட் போடுவதும் மீனவர்தானே?

ஆம். தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையை விரிப்பதும் மீனவர்தான். அறிவு இருக்கிறவன் நல்லவன் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. எந்தப் பாரில் எந்த நேரம் மீன் அடையும் என்று தெரிந்தவனால்தான் குறிபார்த்து வெடி போடவும் முடியும். கடன், முதலாளியின் நெருக்குதல், பக்கத்து வள்ளக்காரன் அள்ளுகிறானே என்ற வயிற்றெரிச்சல், பிடித்துக் கொடுத்தாலும் அடுத்த கிழமை வெளியே வந்துவிடுவது என்று இதற்குக் காரணம் பல. ஊர் வழக்குக்கு முன்பிருந்த பல் இன்று இல்லை. சட்டத்தின் பல்லும் மரபின் கண்ணும் சேர்ந்தால் ஒழிய வெடிச்சத்தம் நிற்காது.

யுத்தம் காட்டைக் காப்பாற்றியது என்கிறார்களே?

பாதி உண்மை. 2006 இல் மாவிலாற்று மதகு மூடப்பட்டதோடு பெரும் சண்டை தொடங்கி, சம்பூரும் மூதூர் கிழக்கும் வெறுமையாகின. மாடுகள் கட்டாக்காலியாகத் திரிந்தன. சம்பூர்ச் சனம் 2015, 2016 இல் காணிக்குத் திரும்பியபோது கிணற்றைத் தேடிப் பற்றை வெட்ட வேண்டியிருந்தது. காடு ஏறியது உண்மை. ஆனால் அந்தப் பத்து வருடத்தில் பிள்ளைகளுக்கு எந்த மரத்தில் தேன், எந்தப் பள்ளத்தில் கோடைத் தண்ணீர் என்று காட்டிக்கொடுக்க யாரும் அங்கே இல்லை. மரம் மீண்டது, அறிவில் ஒரு தலைமுறை விழுந்துபோனது. இன்னொன்று, ஏறிய பற்றையை வானிலிருந்து பார்த்துக் காடு என்று வரைபடத்தில் கீறியதால், திரும்பி வந்தவர்களின் பழைய சேனைக் காணிகள் சில இடங்களில் எல்லைக் கல்லுக்கு உள்ளே போய்விட்டன. அங்கே ஒரு புளியமரமும் இடிந்த கிணறும் நின்றால் அது யாரோ இருந்த வளவு என்று எந்த ஊரவருக்கும் தெரியும்.

சம்பூரில் திட்டமிட்ட நிலக்கரி அனல்மின் நிலையம் 2016 இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கே சூரிய மின் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. புகை இல்லாதது நல்லது. மேய்ச்சல் தரை எங்கே என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

மூதூர்ப் பக்கத்து வேடர் இன்னும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கம் தமிழ் பேசும் கரையோர வேடர் குடும்பங்கள் உள்ளன. 1911 இல் வேடர் பற்றி எழுதிய செலிக்மன் தம்பதியரும் கிழக்குக் கரையோர வேடரைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். வேடர் என்றதும் மகியங்கனையை மட்டும் நினைப்பவர்களுக்கு இவர்கள் கண்ணில் படுவதில்லை. தேனெடுப்பு, சேனை, களப்பு மீன்பிடி மூன்றையும் பருவத்துக்குப் பருவம் மாற்றிச் செய்தவர்கள். தேன்வதையை முழுதாக வெட்டாமல் ஒரு பங்கை விட்டு வருவது அவர்கள் வழக்கு. 1992 இல் ஒப்பமான உயிரினப் பல்வகைமைச் சமவாயத்தின் 8(j) வாசகம் இத்தகைய அறிவை மதித்துக் காத்து, பயனை அவர்களோடு பகிரச் சொல்கிறது. இலங்கை அதை 1994 இல் ஏற்றது. காட்டுக்குள் போக அனுமதி கேட்டு நிற்பவரிடம் இந்த வாசகத்தைப் படித்துக் காட்ட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

காலநிலை மாறிவிட்டது. பழைய கணக்கு இனிச் சரிவருமா?

திகதியைப் பிடித்துக்கொண்ட கணக்கு சரிவராது, அடையாளத்தைப் பிடித்துக்கொண்டது ஓரளவு வரும். 'ஐப்பசியில் விதை' என்பது முதல் வகை. எறும்பு முட்டை காவுவது, காற்றுத் திசை திரும்புவது, மரம் பூப்பது இரண்டாம் வகை. மாரி பிந்தினால் பூவும் பிந்தும், ஆகவே பூவைப் பார்த்து விதைத்தவர் தப்புவார். மழை ஒரே நாளில் கொட்டித் தீர்ப்பதற்கும், சூடான கடலில் புயல் சடுதியாகப் பலக்கும் வேகத்துக்கும் பழைய அடையாளம் கிடையாது. அதற்கு வானிலை அறிக்கைதான். இரண்டையும் கேட்டு முடிவெடுக்கும் இளம் வள்ளக்காரரை நான் பார்க்கிறேன். கைபேசியில் காற்று வரைபடம் பார்ப்பார், பிறகு மாமாவின் முகத்தைப் பார்ப்பார்.

ஆய்வுக்கு மூத்தவர்களிடம் எப்படிக் கேட்பது?

கேள்விக்கொத்தோடு போகாதீர்கள். 'மிகவும் சம்மதம், ஓரளவு சம்மதம்' என்று கட்டம் போட்ட தாளைக் கண்டால் எந்தக் கிழவரும் நீங்கள் விரும்பும் பதிலையே தருவார். அவர் வேலை செய்யும் நேரம் போங்கள், கயிறு பிடியுங்கள், நாட்கூலி இழக்கச் செய்தால் அதை ஈடு செய்யுங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். சேறும் மட்டியும் கீரையும் அவர்கள் கணக்கில், ஆண்களுக்குத் தெரியாது. கிண்ணியாவில் கேட்டதைச் சம்பூரிலும் சேருவிலவிலும் கேட்டு ஒப்பிடுங்கள். மூன்று சமூகமும் ஒரே கங்கையை மூன்று இடத்திலிருந்து பார்க்கின்றன. "எப்ப கணக்குப் பிழைச்சீங்க?" என்றும் கேளுங்கள். தான் பிழைவிட்ட கதையைச் சொல்பவரின் சரியான கதையை நம்பலாம். எழுதியதைத் தமிழில் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பெயர் போடுவதா வேண்டாமா என்பது அவர் விருப்பம்.

தொடங்க வழி தெரியாவிட்டால் ஊர்ப் பெயர்களில் தொடங்குங்கள். கண்டல்காடு, இறால்குழி, சேனையூர், மட்டிக்களி, பாலையூற்று, உப்பாறு. பெயர் வைத்த நாளில் அங்கே என்ன இருந்தது என்பதற்கு இதைவிடப் பழைய பதிவு உங்களுக்குக் கிடையாது. போன மாதம் ஒரு மாணவியை இறால்குழிக்கு அனுப்பினேன். குழி எங்கே என்று அவள் கேட்க, ஒரு பெரியவர் எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "வா பிள்ளை, தண்ணி வத்த முதல் காட்டுறன்" என்று முன்னால் நடந்தாராம். அவள் பின்னேரம்தான் வீட்டுக்கு வந்தாள், முழங்கால்வரை சேறு, கொப்பியில் பதினொரு பக்கம்.